நாலாவது சாப்ட்வேர்

வா கண்ணு, உள்ள வா. செருப்பை அந்த ஓரமா விடு. உன்ற பேரு போன்ல என்னமோ சொன்னாங்க. ஜெசிந்தாவா? கூடலூரா நீ? அங்கதான் எங்க பெரிய நாத்தனா மகளைக் கட்டிக் குடுத்தாங்க, டீத்தோட்டத்து மேஸ்திரிக்கு. கல்யாணமாகி மொத மாசமே அட்டை கடிச்சு அவ காலு ரெண்டும் ஒலக்கையாட்டத் தடிச்சுப்போயி... அது கெடக்குது உடு. உக்காரு.

அவிய, அதான் எங்கூட்டுக்காரரு, இப்ப தூங்குறாரு. எந்திரிக்கிறதுக்குள்ள உனக்கு எல்லாத்தையும் சொல்லிப்போடறேன். மருந்து எந்நேரம், கஞ்சி எந்நேரம்னு மருமக சீட்டெழுதிச் செவுத்துல ஒட்டிருக்கா, அதைப் பாத்துக்க. நான் சொல்ல வந்தது அது இல்ல. அந்த டீவிக்குக் கீழ பாரு, சோப்பு டப்பா கணக்கா ஒரு கறுப்புப் பொட்டி. பச்சை லைட்டு எரியுதல்ல? அதுல கை வச்சுப்போடாத. அதோட சுச்சு மேல பிளாஸ்திரி ஒட்டிருக்குது பாரு, அதையும் பிரிச்சுப்போடாத. ஏன்னு என்னைக் கேக்காத. மருமக ஒட்டுனது.

பாட்டுக் கேக்குதா? இங்க கேக்குது. சமையக்கட்டுக்குப் போனா அங்கயும் கேக்கும். அவிய ரூம்ல கேக்கும், முன்வாசல்ல கேக்கும். நாலு எடத்துலயும் ஒரே பாட்டு, ஒரே நேரத்துல. இதைக் கொண்டாறதுக்கு என்ற பையன் தனசேகரு அஞ்சு மாசம் பட்டான். அஞ்சு மாசமும் என்ன பண்ணுனான்னு கேளு. சாப்ட்வேரு தேடுனான்.

ஆவணியிலதான் அவியளுக்கு இப்படி ஆச்சு. வெளிய கெளம்பறதுக்குச் சட்டை போட்டுட்டு இருந்தாரு. மூணாவது பட்டன்ல கை நின்னுபோச்சு. என்னங்கன்னு கேட்டேன். பட்டனையே பாத்துட்டு இருந்தாரு. ஆஸ்பத்திரியில இருபத்திரண்டு நாளு. உசுரு நின்னுது. வலது பக்கமும் பேச்சும் போச்சு. பேச்சுன்னா சுத்தமாப் போச்சு கண்ணு. நாம சொல்றது புரியும், கண்ணுல தெரியும். வாயத் தொறந்தா காத்துதான் வரும்.

மில்லுல முப்பத்தஞ்சு வருசம் பிட்டரு. அந்த மெசின் சத்தத்துல பேசிப் பேசி, ஊட்லயும் கத்தித்தான் பேசுவாரு. ரெண்டு தெருவுக்குக் கேக்கும். அப்பேர்ப்பட்ட ஆளு.

ஆஸ்பத்திரியில பேச்சு சொல்லிக் குடுக்குறதுக்குன்னே ஒரு பொண்ணு. சின்னப்பொண்ணு, உன்ற வயசுதான் இருக்கும். அது சொல்லுச்சு, ‘பாட்டிம்மா, பேச்சு போனவங்களுக்குக் கூட சிலபேருக்குப் பாட்டு போறதில்ல. தாத்தாவுக்கு நல்லாப் பழக்கமான பாட்டை எந்நேரமும் காதுல விழற மாதிரி வைங்க. பாட்டு வழியா ஒண்ணு ரெண்டு வார்த்தை வந்தா, அதைப் புடிச்சுக்கிட்டு மத்ததும் வரும். ஆனா மொத ஆறு மாசந்தான் முக்கியம். அதுக்குள்ள வர்றதுதான் வரும்’னுச்சு. ஆறு மாசம்னா ஆவணி, புரட்டாசி, ஐப்பசின்னு விரல் விட்டுப் பாரு, மாசியில முடிஞ்சுது.

பாட்டுக்கு இந்த ஊட்ல பஞ்சமா? அவிய ஒரு கேசட்டுப் பைத்தியம். கல்யாணமான மறு வருசமே சிங்கப்பூர்ல இருந்து வந்தவருகிட்ட டேப்ரெக்கார்டர் வாங்கிட்டு வந்துட்டாரு. பாட்டு மட்டுமில்ல, எங்க போனாலும் அதைத் தூக்கிட்டுப் போயி எதையாவது புடிச்சுட்டு வந்துருவாரு. என்ற தங்கச்சி கல்யாணத்துல நாயனத்தைப் புடிக்கிறேன்னு டேப்பை வச்சாரு. வச்ச எடம் பந்திக்குப் பக்கத்துல. எங்க சித்தப்பாரு, ‘இதென்ன ரசமா, கை கழுவுன தண்ணியா’ன்னு சம்பந்தி ஊட்டுக்காரங்களைக் கேட்டது, அவங்க திருப்பிக் கேட்டது, எலையைத் தூக்கி வீசுனது, அத்தனையும் நாயனத்துக்கு நடுவுல அப்படியே விழுந்துருச்சு. அதோட அந்தச் சித்தப்பா குடும்பம் போக்குவரத்து இல்ல. அது கெடக்குது.

நானூத்திப் பன்னெண்டு கேசட்டு. ரெண்டு வருசத்துக்கு முந்தி, டேப்ரெக்கார்டரும் கெட்டுப்போச்சுன்னு, தகப்பனும் மகனும் போயி டவுன்ல ஒரு கடையில எல்லாத்தையும் ஒரு டிஸ்குல ஏத்திட்டு வந்துட்டாங்க. கேசட்டெல்லாம் பழசுக்காரனுக்குப் போயிருச்சு. டிஸ்குல ஏறுனதுக்குப் பேரு கெடையாது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பருதான். எது பாட்டு, எது நாயனம், எது சித்தப்பாருன்னு தெரியாது.

தனசேகரு என்ன சொன்னான்? ‘அம்மா, அப்பாவைக் காலையில முன்வாசல்ல உக்கார வைக்கிறோம், மத்தியானம் ரூம்ல படுக்க வைக்கிறோம், சாயங்காலம் ஹால்ல. அவரு போற எடத்துக்கெல்லாம் பாட்டும் கூடவே போகோணும். ஒரு பொட்டி வச்சு, ஊடு பூராவும் ஸ்பீக்கரு வச்சு, நல்ல சாப்ட்வேராப் போட்டுட்டா அதுபாட்டுக்குப் பாடும். ரெண்டே நாள்’னான். அவனோட ரெண்டு நாளைப் பத்தித்தான் நான் சொல்லிட்டு இருக்கறேன்.

பொட்டி வந்துச்சு. ஸ்பீக்கரு வந்துச்சு. எந்தச் சாப்ட்வேரு போடறதுங்கறதுல நின்னுபோச்சு. எம்மக ஊட்டுக்காரரு பெங்களூர்ல இருக்காரு, லோகநாதன்னு பேரு. அவரு ஒண்ணு சொல்வாரு, இவன் ஒண்ணு சொல்வான். மாப்பிள்ளை சொன்னதை வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரச் சொல்ல முடியுமா? தலைதீவாளிக்குத் துண்டு அகலம் பத்தலைன்னு ஒண்ணரை வருசம் இந்தப் பக்கம் வராதவரு அவரு. அதனால இவன், ‘ஆமாங் மச்சா, ஆமாங் மச்சா’ம்பான். போனை வச்சுட்டு வேற ஒண்ணைத் தேடுவான். ஒரு ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் வீடியோவுல, எந்தச் சாப்ட்வேர்ல சத்தம் சுத்தமா வரும்னு ஒண்ணரை மணி நேரம் பேசுனாங்க. ஸ்பீக்கரு அன்னிக்கு வரைக்கும் அட்டைப்பொட்டிய விட்டு வெளிய வரல. அவிய உள்ள செவுத்தப் பாத்துட்டுப் படுத்திருக்காரு.

மொதல்ல ஒண்ணு போட்டான். நத்தைப் படம் போட்டிருக்கும். ஓசிச் சாப்ட்வேரு. அது என்ன பண்ணும்னா, அத்தனை பாட்டையும் தானாக் கேட்டுப் பாத்து, இது இன்ன பாட்டுன்னு கண்டுபுடிச்சுப் பேரு போட்டு அடுக்குமாம். மூணு நாளு விடாம ஓடோணுமாம். தனசேகரும் மருமக சுகந்தியும் ஒம்பது மணிக்கு வேலைக்குப் போயிருவாங்க. போகும்போது, ‘அம்மா, ஓடிட்டு இருக்குது’ன்னுட்டுப் போவான். ‘சரி சாமி, நீ போ’ம்பேன். அவங்க வண்டி தெருமுக்குத் திரும்புனதும் நான் ஊட்டைச் சுத்தி வந்து எல்லாச் சுச்சையும் அமத்திப்போடுவேன்.

அது என்ற பழக்கம் கண்ணு. பேன், லைட்டு, டீவி, எதானாலும் ஆளில்லாம ஓடக் கூடாது. எங்க சின்னையன் ஊட்ல டீவிய அமத்தாம சந்தைக்குப் போயி, திரும்பி வந்து பாத்தா டீவியும் எரிஞ்சு, மேசையும் எரிஞ்சு, மேசை மேல இருந்த புதுப் பட்டுச்சீலை, மக சீருக்கு எடுத்தது, அரக்குக் கலரு... கரிக்கட்டை. அன்னையிலிருந்து எங்கையில இந்தப் பழக்கம். இந்தப் பொட்டியத் தொட்டுப் பாத்தா காய்ச்சக்காரன் ஒடம்பாட்டச் சுடுது. ஆளில்லாத ஊட்ல இதை எதுக்கு ஓட உடறது? அமத்திப்போடுவேன். சாயங்காலம் அஞ்சரைக்கு, அவங்க வர்றதுக்குள்ள திரும்பப் போட்டுருவேன். அதுல நான் கரெக்டு. ஒருநாள் கூடத் தப்பினதில்ல.

நத்தைச் சாப்ட்வேரு பத்து நாளாகியும் நூத்துல முப்பது தாண்டல. ‘மறுபடி மொதல்லிருந்து ஆரம்பிக்குது, இது ஆகாது’ன்னு தூக்கிப்போட்டான். ரெண்டாவது மாப்பிள்ளை சொன்னது. மஞ்சக்கலரு, காசு கட்டிப் போட்டான். அதுவும் முப்பதுலயே நின்னுச்சு. அதை வேண்டாம்னு சொன்னா மாப்பிள்ளை முகம் சுண்டிரும்னு, அதையே இருபது நாளு வச்சுட்டு மல்லாடுனான். மூணாவது ஊதாக்கலரு. அது தமிழ் எழுத்தைக் கண்டா கட்டங் கட்டமாக் காட்டுச்சு. இருந்தாலும் ஒருநாள் சாயங்காலம் அது பாடுச்சு கண்ணு, அரை மணி நேரம். அன்னிக்குன்னு பாத்து அவியளைப் பாத்துட்டுப் போலாம்னு யாரு வந்திருக்கா? அந்தச் சித்தப்பாரு மகன். இத்தனை வருசங்கழிச்சு, ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா வந்து உக்காந்திருக்கான். பொட்டி பாடிட்டே இருந்துச்சு, அப்பறம் நாயனம் வந்துச்சு, அப்பறம் நாலு மூலையிலிருந்தும் அவங்கப்பன் கொரலு: ‘இதென்ன ரசமா, கை கழுவுன தண்ணியா!’ தனசேகரு ஓடுறான், அமத்தத் தெரியல. சமையக்கட்டுல கேக்குது, முன்வாசல்ல கேக்குது. அந்தப் பையன் ஆப்பிளை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். ஹார்லிக்ஸு கையோட போயிருச்சு.

ஊதாவையும் தூக்கிப்போட்டான். அதுக்குள்ள கார்த்திகை பொறந்துருச்சு.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லோணும். சொல்லாமயும் இருக்கலாம். நீ பொம்பளைப் புள்ளை, உனக்குப் புரியும்.

சுகந்தி கெட்டிக்காரி. அதை நான் இல்லைங்கல. ஆஸ்பத்திரிப் பொண்ணு சொல்லிக் குடுக்கும்போது அவ பக்கத்துல நின்னு கவனிச்சிருக்கா. பொட்டிய நம்பிப் புண்ணியமில்லைன்னு தோணிருக்கும்போல. வேலை முடிஞ்சு வந்து மூஞ்சி கழுவிட்டு, அவிய கட்டில்ல ஓரமா உக்காந்து பாட ஆரம்பிச்சுட்டா. சினிமாப் பாட்டு, அவிய டேப்புல தேஞ்சுபோற அளவுக்குக் கேட்ட பழைய பாட்டு. ஒரு வரி பாடுவா, கடைசி வார்த்தைய மட்டும் சொல்லாம நிறுத்திட்டு அவிய மூஞ்சியப் பாப்பா. திரும்பவும் பாடுவா. திரும்பவும் நிறுத்துவா. மூணு நாளு ஒண்ணுமில்ல. நாலாவது நாளு நான் வாசல்ல பூத்தொடுத்துட்டு இருக்கறேன், உள்ள அவ பாட்டு நின்னுது. நின்ன எடத்துல ஒரு ஆம்பளைக் கொரலு, கரகரன்னு, அந்தக் கடைசி வார்த்தையச் சொல்லுச்சு.

பூவைப் போட்டுட்டு ஓடுனேன். கதவுகிட்ட நின்னேன். அவிய அவளைப் பாத்து, வாயி கோணி, எச்சி ஒழுக, சொன்னாரு, ‘அம்மிணி.’ தெளிவா. அவளை அவிய கூப்புடறதே அப்படித்தான். அவ அழுதுட்டா. அவியளும் அழுதாரு. ரெண்டு பேரும் என்னைப் பாக்கல.

நாப்பத்தாறு வருசம் கண்ணு. என்னை ‘இந்தா’ம்பாரு. ‘ஏ’ம்பாரு. யாராச்சும் வந்திருந்தா, ‘உள்ள யாரு, காப்பி கொண்டா’ம்பாரு. ஆஸ்பத்திரியில இருபத்திரண்டு நாளும் மூத்திரம் எடுத்தது யாரு, முதுகுல புண்ணு வராம பொரட்டிப் போட்டது யாரு? போன பேச்சு திரும்பி வந்து மொத வார்த்தை யாருக்குப் போகுது பாரு.

அதுக்காக நான் ஒண்ணும் சொல்லல. எனக்கென்ன, மகளாட்டம் இருக்கறவகிட்டப் போயிப் பொறாமையா? நான் சொன்னது வேற. மாமனாரு கட்டில்ல உக்காந்து மருமக சினிமாப் பாட்டுப் பாடுறது எந்த ஊர்ல நடக்கும்? ஜன்னல் தெருப்பக்கம் தொறந்து கெடக்குது. அன்னிக்கு ராத்திரிச் சோத்துக்குத் தட்டு வைக்கும்போதே அவகிட்டச் சொன்னேன். ‘அம்மிணி, நீ எதுக்குத் தொண்டையக் கிழிச்சுக்கோணும்? ரெண்டு நாளைக்குள்ள பொட்டி பாடப் போகுது. நாலு பேரு ஒருமாதிரி பேசறதுக்கு நாமளே எடங் குடுக்கக் கூடாது’ன்னேன். ‘மாமா பேசுனாருங்க அத்தை’ன்னா. ‘பேசட்டும். பொட்டி வந்தா இன்னும் பேசுவாரு’ன்னேன். தனசேகரைப் பாத்தா. அவன் போன்ல நாலாவது சாப்ட்வேரைப் படிச்சுட்டு, ‘ஆமா சுகந்தி, இது செமையா இருக்குது, ரெண்டே நாள்’னான். அவ சோத்துல தண்ணி ஊத்திட்டு எந்திரிச்சுட்டா. மறுநாள்ல இருந்து வேலை முடிஞ்சு வந்தா நேரா அவ ரூமுக்குப் போயிருவா.

ரெண்டு நாளு மாசியாச்சு.

நாலாவது சாப்ட்வேரு கறுப்பா இருக்கும். படம் கெடையாது, எழுத்துதான். அதுவும் மொதல்ல நின்னு நின்னுதான் போச்சு. மாப்பிள்ளை பெங்களூர்ல இருந்தே பொட்டிக்குள்ள பூந்து பாத்துட்டு, ‘மாப்ள, தெனமும் காலையில ஒம்பதே காலுக்கு நிக்குது, சாயங்காலம் அஞ்சரைக்கு மறுபடி ஓடுது. உங்க ஏரியாவுல பவர்கட்டா’ன்னாரு. இவன் ஹால்ல இருந்தே, ‘அம்மா, பகல்ல கரண்டு போகுதா’ன்னு கத்துறான். ‘போகும், வரும், நான் என்னத்தக் கண்டேன்’னேன். பொய்யில்ல கண்ணு, அந்த வாரம் ஒருநாள் நெசமாவே போச்சு. உடனே கரண்டு போனாலும் ஓடற மாதிரி இன்னொரு பொட்டி வாங்கிட்டு வந்துட்டான், கல்லாட்டக் கனம். அதுலயும் ஒரு சுச்சு இருந்துச்சு.

சுகந்தி அன்னிக்கு பீன்ஸு அரிஞ்சுட்டு இருந்தா. தலையத் தூக்கி என்னை ஒருக்காப் பாத்தா. அப்பறம் அரிஞ்சா.

மாசி கடைசியில அவளுக்குக் காய்ச்சலு. லீவு போட்டுட்டு மத்தியானம் வந்து நின்னா. பச்சை லைட்டு எரியலையேன்னு பாத்துட்டு, அவிய மருந்துப் பொட்டியிலிருந்து பிளாஸ்திரிய எடுத்து, சுச்சைப் போட்டு, அது மேல குறுக்கயும் நெடுக்கயும் ஒட்டுனா. ‘அத்தை, இதைப் பிரிக்காதீங்க’ன்னா. அவ்வளவுதான். தனசேகருகிட்டயும் சொல்லல, யாருகிட்டயும் சொல்லல. அந்தக் காய்ச்சலோட அவ மூஞ்சியப் பாத்துட்டு நான் கஞ்சி வைக்கப் போயிட்டேன்.

மூணே நாளு. நூத்துக்கு நூறுன்னு வந்துருச்சு. தனசேகரு குதிக்கிறான். மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, ‘மச்சா, கடைசியில இந்தச் சாப்ட்வேருதான் மச்சா’ங்கறான். நான் சொல்றதும் அதுதான். இந்த நல்ல சாப்ட்வேரை மொதல்லயே எடுத்திருந்தா? புரட்டாசியிலயே எடுத்திருந்தா? அஞ்சு மாசம் நத்தை, மஞ்சள், ஊதான்னு போக்கடிச்சானே, படிச்ச புள்ளை, எது நல்ல சாப்ட்வேருன்னு பாத்து எடுக்கத் தெரியோணுமா வேண்டாமா? சிலநேரம் அந்தப் பிளாஸ்திரியப் பாத்துட்டே உக்காந்திருப்பேன். அப்பறம் நெனைப்பேன், சுச்சுக்கும் சாப்ட்வேருக்கும் என்ன சம்பந்தம்? சுச்சு செவுத்துல இருக்குது. சாப்ட்வேரு உள்ள இருக்குது.

ஊடு பூராவும் பாடுச்சு. அவியளை முன்வாசல்ல உக்கார வச்சா அங்க பாடுது, படுக்க வச்சா அங்க பாடுது. மொத நாளு கண்ணை அகலமாத் தொறந்து சுத்திப் பாத்தாரு. ரெண்டாவது நாளு கண்ணை மூடிட்டாரு. அந்தக் கடைசி வார்த்தையச் சொன்ன பாட்டு இருக்குதல்ல, அதுவும் வரும், ஒரு நாளைக்கு மூணு தடவை வரும். பொட்டி எந்த எடத்துலயும் நிறுத்தறதில்ல. அதுவே எல்லா வார்த்தையும் பாடிப்போடுது.

ஆஸ்பத்திரிப் பொண்ணு பங்குனியில வந்து பாத்துச்சு. படம் காட்டுச்சு, கைதட்டச் சொல்லுச்சு. அப்பறம் என்னைத் தனியாக் கூப்புட்டு, ‘இனி நான் வந்து ஒண்ணுமில்லைங்க பாட்டிம்மா, பத்திரமாப் பாத்துக்கங்க’ன்னுட்டுச் செருப்பு மாட்டிட்டுப் போயிருச்சு.

நான் வெக்கத்தை உட்டுட்டு மருமககிட்டப் போனேன். அவ துணி மடிச்சுட்டு இருந்தா. ‘அம்மிணி, அன்னிக்குப் பாடுனியே, போயி ஒரு வரி பாடேன்’னேன். ‘ஜன்னலைச் சாத்திக்கலாம்’னு கூடச் சொன்னேன். அவ கோவிச்சுக்கல. துணிய மடிச்சுட்டே, ‘இப்பத்தான் எல்லா ரூம்லயும் பாடுதுங்களே அத்தை’ன்னா. மறு வாரம்தான் உன்ற ஏஜென்சிக்குப் போன் போட்டா.

போன வெசாழக்கெழமை மத்தியானம், ஊட்ல யாருமில்ல. அவிய கட்டில்ல நானே போயி உக்காந்தேன். எனக்குப் பாட வராது. ஒரு பாட்டுக்கூட முழுசாத் தெரியாது. அவிய டேப்பு கேக்கும்போதெல்லாம் நான் சமையக்கட்டுல மிக்ஸி போட்டுட்டு இருந்திருப்பேன். அதனால பாடல. கையப் புடிச்சுட்டு, ‘ஏனுங், என்னை ஒருக்காக் கூப்புடுங்க. எப்படியாச்சும் கூப்புடுங்க, இந்தான்னு கூப்புட்டாலும் சரி’ன்னேன். ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் வாய் அசைஞ்சுது கண்ணு. சத்தியமா அசைஞ்சுது. ஒதடு ரெண்டும் சேந்து பிரிஞ்சுது.

என்ன சொன்னாருன்னு கேக்கல. தலைக்கு மேல ஸ்பீக்கரு பாடிட்டு இருக்குது. ஹாலுக்கு ஓடுனேன். பிளாஸ்திரி மேல கை வச்சேன். பிரிக்கறதா வேண்டாமான்னு நிக்கறேன். அவ பிரிக்காதீங்கன்னு சொன்ன மொகம் கண்ணுல நிக்குது. அப்படியே திரும்பி வந்து காதை அவிய வாய்கிட்ட வச்சேன். மூச்சுதான் வந்துச்சு.

தனசேகருகிட்டச் சொன்னா, ‘கொட்டாவியா இருக்கும்மா’ன்னான். இருக்கும். யாரு கண்டா.

எந்திரிச்சுட்டாரு போல, கட்டில் சத்தம் கேக்குது. நீ போ, கஞ்சி ஆறுறதுக்குள்ள குடுத்துரு. பகல்ல இனி நீதான் பக்கத்துல இருப்ப. வாய் அசைஞ்சா சித்தே காதைக் குடுத்துக் கேளு. என்ற பேரு பாவாத்தா. இந்த ஊட்ல யாரும் என்னைப் பேரு சொல்லிக் கூப்புடறதில்ல, அவிய சொல்லி நீ கேட்டாலும் அது என்ற பேருன்னு உனக்குத் தெரியாது, அதுக்குத்தான் சொல்றேன். பாவாத்தா. சொல்ல மாட்டாரு. இருந்தாலும் தெரிஞ்சு வச்சுக்க.